விட்ட கயிறு

நீச்சல் தெரியாதவன் படகு செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்வதில் தப்பில்லை. ஒரகடம் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஷெட்டில் எனக்கு ஃபைபர் தேய்க்கிற வேலை. ஸ்டாண்டின் மேல் நிற்கிற படகு யாரையும் மூழ்கடிக்காது. ஆனால் செய்த பாய்ப்படகை ஏரியில் ஓட்டிக் காட்டினால்தான் ஆர்டர் வரும் என்று முதலாளி கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம் ஆற்றோரம் வாடகைக்கு இருந்தவன் நான். தண்ணீர் எப்படி வீட்டுக்குள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

படகு ஓட்ட இரண்டு பேர் வேண்டும். பின்னால் சுக்கானையும் பெரிய பாயையும் பிடிக்க என் மனைவி. அவளும் அதே ஷெட்டில்தான் வேலை செய்கிறாள். வல்லக்கோட்டைப் பக்கம் ஏரிக்கரை ஊரில் பிறந்தவள், நடக்கும் முன்பே நீந்தியதாகச் சொல்லிக்கொள்வாள். முன்னால் நான். மனைவி நம்பிக்கையோடு கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தைரியமில்லாததால் படகில் ஏறிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் வேலை முன்பாயின், அதாவது முன்னால் இருக்கும் சின்னப் பாயின், கயிறு. முதலாளி அதை ஷீட் என்பார், நாங்கள் முன்கயிறு என்போம். பாயின் கீழ்மூலையிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு கயிறுகள் வந்து, ஒரு வளையத்தில் நுழைந்து, என் முழங்கால் பக்கத்தில் பல் வைத்த பிடியில் கவ்விக்கொள்ளும். காற்று வலப்பக்கமிருந்து அடித்தால் பாய் இடப்பக்கம் போகும். இடக்கயிறுக்கு வேலை, வலக்கயிறுக்கு ஓய்வு. பாய் படபடத்தால் இழுக்கணும். திடீரென்று பலமாக அடித்தால் உடனே விடணும், இல்லையென்றால் படகு சாய்ந்துவிடும். அவ்வளவுதான்.

இழுப்பது எனக்கு வரும். விடுவதுதான் வராது. படப்பையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்தால் இறங்கி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருப்பவன் நான். ஓட்டிப் பழகிய நாட்களில் முதலாளி எதிரே உட்கார்ந்து, "வுடு, வுடு" என்று என் விரலைத் தட்டிக்கொண்டே வருவார். ஓட்டிக் காட்டும் நாளன்று அவர் கரையில் நின்றார். படகு வாங்க வந்தவர் ஒரு ரிசார்ட்காரர். சாதாரண ஆட்கள் இரண்டு பேர் தனியாக ஓட்டுவதைப் பார்த்தால்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார்.

முந்தின நாள் முழுக்க நான் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். படகின் தரையில் கிடக்கும் கயிறு காலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? படகு கவிழ்ந்து, கால் கயிற்றில் இருந்தால், மிதக்கிற ஜாக்கெட் போட்டு என்ன பிரயோஜனம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

காலையில் கரையிலேயே பாய் ஏற்றினோம். ரிசார்ட்காரர் படகைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். நான் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன். தள்ளிவிட்டார்கள். காற்று வலப்பக்கம். முன்பாயை நான் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, அதுவாகவே இறுக்கமாக நின்றது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். பேருக்குக் கயிற்றைப் பிடியின் பல்லில் கவ்வவிட்டு உட்கார்ந்தேன்.

ஏரி நடுவில் காற்று ஒரே அடியாக அடித்தது. இடப்பக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டது. கவ்வியிருந்த கயிற்றைச் சட்டென்று எடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எதையும் விட்டதில்லை. பாய் மட்டும் அசையவில்லை.

"ஏங்க, வுடுங்க."

"வுட்டுட்டேன்."

"வுடல நீ. பாய் அப்டியே கீது. யோவ், வுடுய்யா கயித்த."

"வுட்டுட்டேன்டி, இந்தா பாரு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கையில் ஒன்றுமில்லை. அவள் நம்பவில்லை. என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் எப்படி நம்புவாள்?

தண்ணீர் உள்ளே ஏறியது. செத்தேன் என்று நினைத்தேன். அதைவிட, கயிற்றை விடாமல் படகைக் கவிழ்த்தவன் என்றுதான் காலம் முழுக்கச் சொல்வாள் என்ற நினைப்பு வந்தது. உயிர் போகிற நேரத்தில் இப்படியும் தோன்றுகிறது.

அவள் பெரிய பாயை முழுக்கத் தளர்த்திவிட்டு, சுக்கானைத் தள்ளிப் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினாள். படகின் முகம் காற்றைத் தாண்டி மறுபக்கம் போயிற்று. இன்னும் சுற்றிவிடாமலிருக்கச் சுக்கானை மறுபக்கம் சாய்த்தாள். இப்போது காற்று இடப்பக்கம். முன்பாயும் நியாயமாக வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு இடப்பக்கமே நின்றது.

படகும் நின்றது. ஒரு பாய் தள்ள, சுக்கான் எதிர்த்துத் தள்ள, பெரிய பாய் சும்மா ஆட, நடு ஏரியில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. சுற்றிலும் அலை. எங்களுக்கு மட்டும் ஆட்டம் அடங்கிவிட்டது.

நான் முழங்காலிட்டு ஊர்ந்து முன்னால் போனேன். பாய்க் கம்பத்தை இடப்பக்கம் தாங்கி நிற்கும் கம்பியோடு முன்கயிறு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஒயர் கட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, கேபிள் டை. அதன் வால் யார் கையையும் கிழிக்காதபடி ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது.

ஷெட்டுக்கு வருமுன் அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற லைனில் இருந்தவள். அங்கே தொங்குகிற ஒயர் என்பது பெரிய பாவம். ஆடிட் வந்தால் ஒரு ஒயர்கூட ஆடக் கூடாது. எங்கள் வீட்டில் மிக்ஸி ஒயர், டிவி ஒயர், என் போன் சார்ஜர் வரைக்கும் அப்படித்தான் கட்டி, வால் நறுக்கியிருக்கும். அந்த நறுக்கலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"இன்னா கீது அங்க?"

"டை போட்டு கீது."

அவள் சுக்கானைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "உள்ள ஒரு நாக்கு மாதிரி இருக்கும். ஊக்கு முனையால அத அமுக்கிப் புடிச்சிகினு இழு. கழண்டுக்கும்."

ஊக்கு இரண்டு தடவை விரலில் குத்தியது. பிறகு நாக்கு அமுங்கியது, டை கழன்றது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வலப்பக்கம் பறந்து போயிற்று. இவ்வளவு நாள் என்னை நடுங்க வைத்த சத்தம் அது. அன்றைக்குக் கேட்க நன்றாக இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று கோபம் வந்தது. "பாக்க வந்தவருக்கு நீட்டா காட்டணும்னு நம்மள முழுகடிச்சிருப்ப."

"அவருக்கா?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் பயம் வரும் என்று அப்போதுதான் பார்த்தேன். "கயிறு கால்ல மாட்டிக்கும், கால்ல மாட்டிக்கும்னு நேத்து பூரா நீதான பொலம்புன. ஒன் கால்கிட்ட வராம இருக்கட்டும்னு பாய் ஏத்துனப்ப கட்னேன்."

நான் பயந்த பயத்தைத்தான் அவள் அங்கே கட்டி, வால் நறுக்கி வைத்திருந்தாள்.

"நான் வுட்டேன்னு சொன்னேன்ல," என்றேன்.

"சொன்ன. நான்தான் நம்பல."

அவள் ஊக்கை வாங்கி வளையலில் மாட்டிக்கொண்டு பெரிய பாயை இழுத்தாள். நான் வலக்கயிற்றை இழுத்தேன். கரையைப் பார்த்துத் திரும்பினோம். கால் பக்கத்தில் ஈரக்கயிறு சுருளாகக் கிடந்தது. எனக்குப் பயம் போகவில்லை. பாதி வழியில் தண்ணீர் கறுத்துக்கொண்டு இன்னொரு அடி காற்று வருவது தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கயிற்றை விட்டேன். படகு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.