சொல்லாததைக் கேட்டவர்

“சொல்லாததையும் காதுல வாங்குறவன் ஜப்பான்காரன். சொன்னதைக்கூட வாங்கத் தெரியாதவன் வெளிநாட்டான். என் ஆயுசுல ஒருத்தர்கிட்டயும் ‘என்ன சொல்ல வர்றீங்க?’ன்னு நான் கேட்டது கிடையாது. கேட்டேன்னா அன்னிக்கு நான் ஜப்பான்காரனே இல்லை.”

ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்க வந்திறங்கிய வெளிநாட்டு மாணவர்களிடம் பேராசிரியர் குசாகபே தெய்ஜி ஒவ்வோர் ஏப்ரலிலும் இதைச் சொல்வார். எங்கள் நாகானோ மலைப்பக்கத்தில் செர்ரி பூக்கத் தாமதமான வருஷங்கள் உண்டு. இந்த வசனம் தாமதமானதே இல்லை.

அவருடைய தகப்பனார் மிசோ என்ற சோயா விழுது வியாபாரி. மகன் மிசோத் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் டோக்கியோ போய் மௌனத்தை ஆராய்ந்தார். ஜப்பானிய மௌனத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு எழுநூறு பக்கம். அதைச் சோதித்த மூன்று பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பட்டமும் கிடைத்துவிட்டது. மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாற்காலியும் கிடைத்தது. அன்று உட்கார்ந்தவர்தான்.

‘ஜப்பானிய மனம்’ என்ற அவருடைய பாடம் பிரசித்தம். அதில் கேள்வி கேட்டால் மதிப்பெண் குறையும். பரீட்சையும் எழுத்தில் கிடையாது. பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, லேசாகப் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்திருப்பார். யார் தானாக எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் தேர்ச்சி. உஸ்பெக்கிஸ்தானிலிருந்து வந்த தில்னோசா என்ற பெண், முதல் பெருமூச்சு முடிவதற்குள் எழுந்து சாத்திவிட்டாள். குசாகபே அவளைப் பரிதாபமாகப் பார்த்து, “பாவம், சூடான ஊர்க்காரி. குளிர் தாங்கலை போலிருக்கு” என்றார். தேர்ச்சி போடவில்லை.

அறுபத்தைந்து வயதில் எல்லோரையும் போல அவரும் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு நீட்டிப்பாக வாங்கி எழுபதைத் தொட்டுவிட்டார். இந்த வருஷம் நீட்டிப்பு இல்லை என்று மேலே முடிவாகிவிட்டது. அதை அவரிடம் யார் சொல்வது?

யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் எங்கள் நாகரிகம். கெட்ட செய்தியை நேராகச் சொல்பவன் முரடன். கேட்கிறவர் தாமாகப் புரிந்துகொண்டு, “நானே விலகிக்கலாம்னு பார்க்கிறேன்” என்று சொல்ல வேண்டும். உடனே மற்றவர்கள் “அடடா, அப்படியா! ரொம்ப வருத்தமா இருக்கே!” என்று திடுக்கிட வேண்டும். மௌனத்துக்கே முனைவர் பட்டம் வாங்கியவர் ஆயிற்றே, இரண்டே நாளில் புரிந்துகொண்டுவிடுவார் என்று துறைத்தலைவி ஹொசோகாய் அம்மாள் நம்பினார். படித்தவர்களை நம்புகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

“சென்செய், இந்த வருஷம் பனி ரொம்ப ஜாஸ்தி இல்லையா? இந்த மேட்டுல ஏறி வர்றது சிரமமாத்தானே இருக்கும்?” என்று, ஆசிரியரை அழைக்கிற மரியாதைச் சொல்லோடு ஆரம்பித்தார்.

“எனக்கா? உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. நான் இன்னும் பத்து வருஷம் ஏறுவேன்.”

அடுத்த வாரம் ஆள் வந்து அவர் அறையின் புத்தக அலமாரிகளை அளந்துகொண்டு போனான். “இத்தனை புத்தகத்துக்கும் வீட்டுல இடம் இருக்குமா, சென்செய்?” என்று ஹொசோகாய் கவலையோடு கேட்டார். வளாகத்தில் புதிதாகப் பண்பாட்டு மையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். குசாகபேவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அலமாரிகள் அந்த மையத்துக்குப் போகின்றன. அலமாரி போனால் அவரும் போவார். போனால் இயக்குநராகத்தான் போவார்.

ஹொசோகாய் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “பிப்ரவரியில பெரிய அரங்கத்துல நீங்க ஒரு சொற்பொழிவு நடத்தணும். பழைய மாணவர்களையெல்லாம் கூப்பிடுறோம். உங்களுக்கு என்ன பூ பிடிக்கும், சென்செய்?”

வயதான பேராசிரியர் ஒருவர் பிப்ரவரி மாதத்தில் பெரிய அரங்கத்தில் பேசுகிறார் என்றால் அது கடைசிச் சொற்பொழிவு. பேச்சு, பூச்செண்டு, புகைப்படம், விருந்து, பிறகு வீடு. வளாகத்தில் சுற்றும் பூனைக்குக்கூட இது தெரியும். குசாகபே மற்றவர்களின் கடைசிச் சொற்பொழிவுகள் எத்தனையோ கேட்டிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்து, கனிந்த முகத்தோடு, பேசுகிறவரைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறார். ஆனால் அவையெல்லாம் மற்றவர்களுடையவை அல்லவா?

“லில்லி” என்றார்.

வீட்டில் மனைவி கினுயோவுக்கும் தொலைபேசியில் தகவல் போயிருந்தது. ஊறுகாய்க் கீரையை நறுக்கியபடியே, “என்னங்க, ஏப்ரல்ல ஒரு மாசம் வெந்நீர் ஊற்றுப் பக்கம் போய்த் தங்கிட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

“ஏப்ரல்லயா? புது மையத்தைத் திறக்கிற நேரத்துல மனுஷனுக்குக் குளிக்க ஏது நேரம்?”

கினுயோ கீரையை இன்னும் பொடியாக நறுக்கினாள். கணவர் சொல்லாததையும் கேட்பவர் என்பதால் கல்யாணமான நாள் முதல் அவள் எதையும் சொல்லாமலே வாழ்ந்துவிட்டாள். அவரும் எதையும் கேட்காமலே வாழ்ந்துவிட்டார். நல்ல குடும்பம்.

சொற்பொழிவு நாளும் வந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் குசாகபேவுக்கு உதவியாக தில்னோசாவை நிறுத்தியிருந்தார்கள். பூச்செண்டு கொடுக்கிற வேலையும் அவளுக்குத்தான்.

“கடைசிப் பக்கத்தை மட்டும் கேளு” என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “‘புதிய பண்பாட்டு மையத்தின் இயக்குநர் பொறுப்பைத் தாழ்மையுடன் ஏற்றுக்கொள்கிறேன். வரும் ஏப்ரலில் என் முதல் பணியாக...’ எப்படி இருக்கு?”

தில்னோசா கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மையத்துக்கு ஏற்கெனவே வேறொருவரை நியமித்தாகிவிட்டது. அவரும் அந்த முந்நூறில் ஒருவர். கிழவர் இந்தப் பக்கத்தை மேடையில் வாசித்துவிட்டால் அப்புறம் ஊருக்குள் முகம் காட்ட முடியாது. நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் நேராகச் சொல்வது முரட்டுத்தனம் என்று அவளுக்கு இரண்டு வருஷம் பாடம் எடுத்தவரே இவர்தான்.

“சென்செய், இதுக்கு முந்தின பக்கத்துலயே பேச்சு ரொம்ப அழகா முடிஞ்சிடுதுன்னு தோணுது.”

“அழகா முடியுது. ஆனா இதுதானேம்மா உயிரு!”

“நேரம் கொஞ்சம் குறைச்சலா இருக்கோ...”

“எனக்கா நேரத்தைக் குறைப்பாங்க?”

அவள் பெருமூச்சு விட்டாள். அவரிடமே கற்றுக்கொண்ட பெருமூச்சு. கற்றுக்கொண்டபடியே அந்தத் தாளை மெல்ல மேசை ஓரத்துக்கும் நகர்த்தி வைத்தாள்.

குசாகபே தாளை எடுத்து மறுபடி மேலே வைத்தார். “உங்க நாட்டுல எல்லாத்தையும் உடைச்சுப் பேசிப் பழகியிருப்பீங்க. நுணுக்கமெல்லாம் உனக்கு வர இன்னும் நாளாகும். பரவாயில்ல, மனசை விட்டுடாதே.”

ஹொசோகாய் அம்மாள் உள்ளே வந்து, இதுவரை குனியாத அளவுக்குக் குனிந்தார். “சென்செய், இத்தனை காலம்...” என்று ஆரம்பித்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

“பொறாமை” என்று குசாகபே விளக்கினார். “இயக்குநர் பதவி தனக்குத்தான்னு எதிர்பார்த்திருப்பா.”

மணி அடித்தது. எழுந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். திரையை விரலால் ஒதுக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். அரங்கம் நிறைந்திருந்தது. அவர் மார்பும் நிறைந்தது. கினுயோ, மகள் கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத கிமோனோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், முன்வரிசையில், பழைய பேராசிரியர்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற பிறகு, அடுத்தவரின் கடைசிச் சொற்பொழிவைத் தவிர வேறெதற்கும் இந்த மேட்டில் ஏறாதவர்கள். நால்வர் முகத்திலும் ஒரே மாதிரியான, கனிந்த, நிம்மதியான புன்னகை.

குசாகபேவுக்கு அந்தப் புன்னகையைத் தெரியும். அதே வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை அவரே அப்படிப் புன்னகைத்திருக்கிறார்.

திரையை விட்டார். நாற்காலியைத் தடவிப் பிடித்து மறுபடி உட்கார்ந்தார். வெளியே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. தில்னோசா பூச்செண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, இந்த ஊர் மனிதர்கள் நிற்பது போலவே பேசாமல் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். யாரும் இல்லை.

“தில்னோசா,” என்றார், உதடு மட்டும் அசைகிற குரலில். “அவங்கள்லாம் என்ன சொல்ல வர்றாங்க?”

தில்னோசா சொன்னாள். மரியாதை விகுதி ஏதும் இல்லாமல், மழலை வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார் குசாகபே. “மெதுவா.”