மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்த படம்

லின்சிக்கு வாய் நீளம் என்று பாலக்கரையில் எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லை. அந்த வாயால் அனுசுயா அக்காவுக்கு நான் செய்த பாவத்தை எந்தக் கோயிலில் போய் இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அருள்ராஜ் அண்ணனின் ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுப்பது என் வேலை. அக்கா எனக்கு முன்னால் வந்தவள். ஜீயபுரத்துக்காரி. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய புருஷன் முப்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. பெருக்கித் துடைத்து, ஆல்பம் ஒட்டத்தான் அக்காவை வேலைக்கு வைத்தார்கள்.

பிறகு அண்ணன் அந்தப் புதுக் கேமராவை வாங்கினார். அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். கையிலிருக்கும் டேப்லெட்டில், நாங்கள் டேப் என்போம், ஒரு ஆப். கேமரா பார்ப்பதெல்லாம் அதில் தெரியும். தொட்ட இடத்தில் ஃபோகஸ் விழும், பட்டனை அமுக்கினால் அங்கே படம் விழும். ஆனால் சனியன், இணையவே இணையாது. ஆம்பிளைகள் நாலு பேர் ஒரு வாரம் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, கடை காற்று வாங்கியது. எட்டாவது படித்த அக்கா கேமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, மாதம் முடிவதற்குள் அதற்கு எஜமானி ஆகிவிட்டாள். “அரை செகண்ட் லேட்டா விழும் லின்சி. கெட்டிமேளம்னு ஐயர் வாயத் தொறக்கறப்பவே அமுக்கிடணும்” என்று எனக்கே பாடம் எடுப்பாள்.

அந்த ஆப் அவளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. தாலியில்லாத கழுத்தோடு ஒருத்தி மணமேடைப் பக்கம் வந்தால் நம் சனங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ளும் என்று தெரியாதா? அக்கா விடிகாலையில் வந்து கேமராவைப் பொருத்திவிட்டு, மேடைக்குப் பின்னால் சாமான் அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். இருநூறு கல்யாணமாவது இருக்கும். அத்தனையிலும் தாலி ஏறியதை அவள் கண்தான் பார்த்தது, அவள் விரல்தான் எடுத்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அத்தனை ஜோடியும் பிள்ளை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் யாழினிக்கே கல்யாணம் வந்தது. பெண் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை சிவசங்கர் அதே கம்பெனி, தொட்டியத்தில் வாழைத் தோட்டக்காரக் குடும்பம். அக்காவின் அண்ணன் மருதையும் அவர் மனைவியும் தாரை வார்ப்பது என்று முடிவாயிற்று. முந்தின நாள் யாழினி அம்மாவிடம் சொன்னாளாம்: “முகூர்த்தத்தப்ப மட்டும் மேடைக்கு வராதம்மா. அத்தைக்குப் புடிக்காது.” அத்தை என்றால் வரப்போகிற மாமியார்.

அக்கா அழவில்லை. என்னிடம் வந்து, “தாலி கட்டற படத்த மட்டும் நான் எடுக்கறேன் லின்சி. வேற ஒண்ணும் வேணாம். எம்பொண்ணுக்குத் தாலி ஏர்றத நான் பாக்கணும், அவ்வளவுதான்” என்றாள். இதற்கெல்லாம் கேட்பார்களா, மண்டபத்தில் யார் படம் எடுத்தால் யாருக்கு என்ன என்று நான் சிரித்தேன்.

அம்மா மண்டபம் ரோட்டில் கல்யாணம். காலை ஏழரை முகூர்த்தம். மணமேடைக்கு நேர் எதிரே உயரமான ஸ்டாண்டில் அக்காவின் கேமரா. அவள் சாமான் அறையில், வாழை இலைக்கட்டு மேல் சாய்ந்தபடி, மடியில் டேப். புதுப்புடவை கட்டியிருந்தாள், யார் பார்க்கப் போகிறார்கள்?

பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்ததும் ஃப்ளாஷ் வெட்டியது. இன்னொரு தரம் வெட்டியது. மாப்பிள்ளையின் அம்மா விஜயராணி அதையே பார்த்தார்.

“ஏம்மா, கேமராகிட்ட ஆளே இல்ல. அதுபாட்டுக்கு எடுக்குதே, எப்புடி?”

அப்போதுதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு. “ரிமோட்டுங்க! நம்ம அனுசுயா அக்காதான் உள்ள உக்காந்து பாத்துப் பாத்து எடுக்கறாங்க. திருச்சியிலயே இதுல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல.”

அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. “உள்ளேர்ந்து பாக்கறாங்களா? தாலி ஏறயிலயும் பாப்பாங்களா?”

“டேப்புலதானுங்களே...”

“நேர்ல பாத்தா என்ன, டேப்புல பாத்தா என்ன? கண்ணு கண்ணுதானே? ஆள ஒதுக்கி வச்சிட்டுக் கண்ண மட்டும் நடு மேடையில நிறுத்தி வச்சிருக்கீங்களா?”

“அப்புறம் ஆல்பத்துல பாக்கத்தானேங்க போறாங்க?”

“அது தாலி ஏறினப்புறம். ஏறினது ஏறினதுதான்.” சட்டம் படித்த வக்கீல் கெட்டார், போங்கள்!

இருநூறு தாலி அந்தக் கண் பார்த்துத்தானே ஏறியது என்று தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற அருள்ராஜ் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன். அதைச் சொன்னால் நாளைக்கு ஸ்டூடியோவுக்கு ஒரு குருவி வராது. ஊரெல்லாம் பேசுகிற இந்த வாய், பேச வேண்டிய இடத்தில் மட்டும் கட்டிக்கொண்டது. தூ!

“நிப்பாட்டும்மா, நேரமாவுது” என்றார் மருதை மாமா. கூடப்பிறந்தவர்.

நான் யாழினியைப் பார்த்தேன். பெற்ற பெண், படித்த பெண், ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நேராக அந்தக் கேமராவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்தபடியே, “ஆஃப் பண்ணிடுங்கக்கா” என்றாள்.

ஃப்ளாஷ் ஒரு தரம் வெட்டியது. நான் போய் சுவிட்சைத் திருப்பினேன். இந்தக் கையால்தான்.

கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. அந்தப் படத்தை நான் எடுத்தேன். முடிந்ததும் சாமான் அறைக்கு ஓடினேன். அக்கா கறுத்துப்போன டேப்பை மறுபடி மறுபடி இணைத்துக்கொண்டிருந்தாள். மேளச் சத்தம் சுவரைத் தாண்டி அவளுக்கும்தான் கேட்டிருக்கும்.

“கட்டியாச்சா?”

“ஆச்சுக்கா. வைஃபை போயிருச்சு போல.”

கடைசியாக வந்து விழுந்த படத்தைத் திருப்பிக் காட்டினாள். அதில் யாழினி நேராகப் பார்க்கிறாள், வாய் திறந்திருக்கிறது. ஆப்பில் படம்தான் தெரியும், சத்தம் வராது. “என்னமோ சொல்றா பாரு. அம்மான்னா சொன்னா?”

“ஆமாக்கா” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஆல்பத்தை அவளேதான் கோத்தாள். நான் எடுத்த தாலிப் படத்தைப் பெரிதாக்கி நடுப்பக்கத்தில் வைத்தாள். அந்த இன்னொரு படத்தைத் தனியாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

அடுத்த மாதம் பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். ஆல்பத்தைக் கொடுக்க நானும் போயிருந்தேன். யாழினி கூடத்தில் நுழைந்ததுமே சுவரைப் பார்த்தாள்.

“இத எதுக்கும்மா மாட்டி வச்சிருக்க? வாயப் பொளந்துகிட்டு நிக்கறேன். கேமராவ ஆஃப் பண்ணச் சொன்னப்ப எடுத்ததுதானே இது? லின்சிக்கா, நீங்களாவது சொல்லக்கூடாது?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னாள். “சாயந்தரம் அத்தை வராங்க. அதுக்குள்ள கழட்டிடும்மா.”

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். படத்தைக் கழற்றி முந்தானையால் துடைத்து, பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். பிறகு சாம்பாரைச் சுட வைக்கப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மன்னிச்சிருங்கக்கா, பொய் சொல்லிட்டேன் என்று அழுதேன்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் லின்சி. பெத்தவளுக்கு வாயசைவு தெரியாதா?” கரண்டியால் கிண்டிக்கொண்டே சொன்னாள். “இருந்தாலும் மாட்டினேன். ஆல்பம் பூராத் தேடிப் பாத்துட்டேன். மாப்பிள்ளையப் பாக்கறா, ஐயரப் பாக்கறா, அவ மாமியாரப் பாக்கறா. அது ஒண்ணுலதான் என்னப் பாக்கறா.”