பாலை நிறுத்தச் சொல்பவள்

குழந்தைகளின் இதய ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மயக்க மருந்து கொடுத்த என்னை, பாலை நிறுத்தச் சொன்ன பாவியாக மட்டுமே ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பழகிய உங்களுக்குத் தெரியாததா? நான் காரைக்கால்காரி. வேலை புதுச்சேரியில். ஊரில் மாதம் ஒருமுறை நடக்கும் இதய முகாமுக்கும் வருவேன். மாலதியின் எட்டு மாதக் குழந்தையை அங்கேதான் பார்த்தேன்.

உள்ளங்கால் பொட்டு

மாலதிக்கு ஊர் பக்கத்துக் கோட்டுச்சேரிமேடு. அழுதால் குழந்தையின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியைக் காலில் மாட்டினால் எண் நிற்கவே இல்லை. பார்த்தால், உள்ளங்காலில் இத்தனை பெரிய திருஷ்டிப் பொட்டு! எண்ணெய் போட்டுத் துடைத்தேன். நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் எழுபதில் நின்றது. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல், ஆபரேஷன்தான் என்றார் இதய டாக்டர். மாலதி முறைத்தது என்னைத்தான்.

"பொட்டு இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தா? நீங்க ஏங்க அழிச்சீங்க?"

கையெழுத்து

குழந்தையின் அப்பா சேகர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். புதுச்சேரியில் சம்மதப் படிவத்தை நீட்டி, இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் தைப்போம், அதுவரை மெஷின் ரத்தத்தை ஓட்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நடுக்கடல்ல இஞ்சினை அணைச்சா, திரும்ப எடுக்குற வரைக்கும் எங்களுக்கு எச்சில் எறங்காதுங்க. நீங்க தெனமும் இதத்தான் பண்றீங்களா?"

ஒரு வாய்

ஆபரேஷனுக்கு நாலு மணி நேரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்தியாக வேண்டும். மயக்கத்தில் கக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும். படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். காலையில் குழந்தையை வாங்கப் போனால், கடைவாயில் பால்! ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. "புள்ளையக் கொல்லப் பாத்தியா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். மாலதி குழந்தையின் கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

"பசிக்குக் கொடுக்கல டாக்டரம்மா. இதான் கடைசின்னு ஆயிட்டா என்ன பண்றதுன்னு கொடுத்துட்டேன்."

நகம்

மறுநாள் நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மாலதியின் முந்தானையெல்லாம் பாலில் நனைந்திருந்தது.

தைத்து முடித்தும் இதயம் சும்மா கிடந்தது. ஒரு துடிப்பு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு தானாகவே பிடித்துக்கொண்டது. இஞ்சின் எடுத்துவிட்டதென்று சேகருக்குச் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் மாலதியை ஐசியூவுக்குள் விட்டோம். முகமெல்லாம் குழாயும் பிளாஸ்திரியும். அவள் குனிந்து குழந்தையின் விரல்களைப் பார்த்தாள். சட்டென்று பின்னால் நகர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வேற யாரு புள்ளையோங்க. எம்புள்ளைக்கு நகம் நீலமால்ல இருக்கும்?"

இருபது வருஷமாகக் குழந்தைகளைத் தூங்க வைக்கிறேன், வெளியே விழித்திருக்கும் பெற்றவளுக்கு எந்த மருந்தை எத்தனை மில்லி கொடுப்பது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.