வேலியில் சோப்புத் தண்ணீர்

மாவுப்பூச்சிக்குக் கொசு மருந்து அடித்த அறிவாளி நான்தான். டின்னில் கொசுவின் படம் போட்டிருந்தது. சாகப் போகிற பூச்சி படத்தையா பார்க்கும் என்று முழு டின்னையும் காலி செய்தேன். பூச்சி அப்படியே இருந்தது. செம்பருத்தி இலைகள்தான் இரண்டே நாளில் கருகி, அப்பளமாய் நொறுங்கின.

அது என் மனைவி வைத்த வேலி. எங்கள் ஊர் மேருவில், எங்கள் வரிசை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, கம்பி வலையை மூடிக்கொண்டு நெஞ்சுயரம் வளர்ந்திருந்தது. காலையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, பழைய ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பாள். நான் காப்பியும் கையுமாக நின்று, "பூச்சிக்குத் தீபாவளிக் குளியலா? சீயக்காய் கொண்டு வரட்டா?" என்பேன். ஒருநாள் விடாமல் இதே ஜோக். அவள் சிரித்ததாக ஞாபகமில்லை.

போன வருடம் அவள் போய்விட்டாள். எங்கள் பக்கத்துத் தண்டெல்லாம் திருநீறு பூசியதுபோல வெளுத்தது. பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும் பச்சை. பூச்சிக்கும் என்னைத்தான் பிடிச்சிருக்கு என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அவள் படத்துக்குப் பூ அந்த வேலியிலிருந்துதான். முதல் திதிக்கு மூன்று வாரமே இருந்தது, ஒரு மொட்டுகூட இல்லை. அந்தப் பதற்றத்தில் எடுத்ததுதான் கொசு மருந்து.

இலை கருகிய மறுவாரம், விடிந்தும் விடியாமலும் அந்தச் சத்தம் கேட்டது. புஸ். புஸ். கொஞ்சம் நின்று மறுபடி புஸ். நடுவில் நிற்பது இலையைத் திருப்புகிற நேரம். அது எனக்குத் தெரியும். கைலியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன். யாருமில்லை. எங்கள் பக்கத்துக் குச்சிகளில் நுரை, எலுமிச்சை வாசம். அவள் வாங்கும் அதே சோப்பு. ஆபீசில் பேய்க்கதை சொல்லி எல்லாரையும் அலறவைக்கும் வீரன், ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மூன்றாம் நாள் ஓடவில்லை. அவளாகவே இருந்துவிட்டால்தான் என்ன? வேலி முன்னால் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்லா. நீ பாட்டுக்கு அடி."

சத்தம் நின்றது. இலைகளுக்கு நடுவே ஒரு கை, அவளுடைய பாட்டிலைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது. அந்தக் கைக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தது பக்கத்து வீட்டு அக்கா.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே என் மனைவி பாட்டிலைக் கொடுத்து, வேலியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். அதுமுதல் அக்கா தன் பக்கம் அடித்து வந்தாராம். நான் கருக்கியதைப் பார்த்த பிறகுதான் வலைக் கிழிசலில் கையை நுழைத்து இந்தப் பக்கமும் அடிக்கிறாராம். குச்சியில் முளைத்திருந்த ஒரு துளிரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா?"

அக்கா பாட்டிலைக் குலுக்கிவிட்டு அடுத்த இலையைத் திருப்பினார்.

"சொன்னா நீங்க சிரிப்பீங்களாம்."