குளோரினும் தேங்காய் எண்ணெயும்

காலையில் டிகாக்‌ஷன் இறங்கட்டும் என்று அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது ஈரக் கூந்தலின் வாசனை என்னைக் கடந்து போனது. நீச்சல் குளத்துக் குளோரினும், அதை மறைப்பதற்காகத் தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. வாசல் பக்கமிருந்து வந்து, ஹாலைத் தாண்டி, உள்ளறைக் கதவு வரைக்கும் போய் நின்றது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காபி இப்பவே வேணுமா, குளிச்சிட்டா?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான், அந்த அறையில் இருந்த அக்கா இறந்து பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது நினைவுக்கு வந்தது.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். மந்தைவெளியில் வீடு, அடையாறில் கிளினிக். இல்லாத வாசனைகளை முகரும் நோயாளிகள் என்னிடம் வருவதுண்டு. ரப்பர் கருகுகிறது என்பார்கள், எலி செத்துக் கிடக்கிறது என்பார்கள். ஒருவர் வீட்டுத் தரையையே பெயர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மூக்கு அனுப்பாத செய்தியை மூளை தானாகவே தயாரித்துக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவேன். ஆகவே அன்று காலை எனக்குப் பயம் வரவில்லை. தொழில்முறை ஆர்வம்தான் வந்தது. ஒரு நாசியை அடைத்துப் பார்த்தேன், பிறகு மற்றதை, பிறகு இரண்டையும். இரண்டையும் அடைத்தபோது வாசனை நின்றது. விரலை எடுத்ததும் மறுபடி வந்தது. மூளை மட்டும் தயாரிக்கும் வாசனை பெரும்பாலும் அப்படிச் செய்யாது. டிகாக்‌ஷன் ஆறிப்போனது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னோடும் என் கணவரோடும்தான் இருந்தாள். காலை வகுப்பை முடித்துவிட்டு, ஈரத் தலையோடு ஸ்கூட்டரில் வருவாள். தோளில் கிடக்கும் துண்டைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் போடாதே என்று நான் சொல்வதும், அவள் அங்கேயே போடுவதும் எங்கள் வீட்டின் நித்திய பூஜை. தண்ணீரைக் கண்டு மிரண்டு நிற்கும் பெண்களிடம் அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "முதல்ல குதிச்சுப் பாரு. அப்புறம் பயப்படலாம், அவசரமில்ல."

அந்த வாக்கியத்துக்கு ஒரு பழைய கதை இருந்தது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது கோபாலபுரத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு. உச்சிவேளையில் அதற்குள் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று ஒரு கோடையில் பேச்சு கிளம்பியது. அந்த வீட்டு மருமகள் ஒருத்தி எப்போதோ அதில் விழுந்து இறந்தவளாம். நானும் கேட்டேன். சன்னமாக, விட்டுவிட்டு, சலங்கைபோல. பெண்கள் மதியத்தில் துணி துவைக்கப் போவதை நிறுத்தினார்கள். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அப்போது பள்ளியில் மேல்வகுப்பில் இருந்த அக்கா, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோரும் கத்தக் கத்தக் கிணற்றுக்குள் குதித்தாள். மேலே ஏறி வந்தபோது அவள் கையில் துருப்பிடித்த ஒரு சாவிக்கொத்து இருந்தது. மோட்டார் குழாயைக் கட்டியிருந்த கம்பியில் அது மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மதியம் மோட்டார் போடும்போதெல்லாம் குழாய் அதிர, சாவிகள் குலுங்கியிருக்கின்றன. துவைக்கிற கல்லின்மேல் அதை வீசி, "இந்தாங்க உங்க மருமக" என்றாள். அன்றிரவே என் காய்ச்சல் விட்டது. நான் எதையும் நம்பாதவளாக வளர்ந்ததற்கு என் மருத்துவப் படிப்பைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மையில் அந்தச் சாவிக்கொத்துதான் காரணம்.

ஆகவே ஆவியாக வருவதென்றால் அதற்குக் கடைசி ஆளாகத்தான் அக்கா இருப்பாள். அவளே அதைக் கேட்டால் சிரிப்பாள். போன வருடம், காலை வகுப்பு முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்தபோது அவள் தலை காயவில்லை. நான் குனிந்து நெற்றியில் முத்தமிட்டேன். அப்போது நான் இழுத்த மூச்சில் உள்ளே போனது அதே குளோரின், அதே எண்ணெய். இதை ஒரு நோயாளி வந்து சொல்லியிருந்தால் மேற்கொண்டு எதுவும் கேட்டிருக்க மாட்டேன். அவ்வளவு தெளிவான காரணம் அது.

ஆனால் வாசனை நின்றபாடில்லை. தினமும் வராது. சில வாரம் இரண்டு மூன்று முறை, சில வாரம் ஒன்றுமில்லை. வந்தால் அவள் வீடு திரும்பும் வேளையில்தான் வரும். முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். மெட்ரோ தண்ணீரில் சில நாள் குளோரின் தூக்கலாக இருக்கும், மயிலாப்பூர் பக்கம் எல்லோருக்கும் பழகிய விஷயம். தொட்டியைப் பார்க்கச் சொல்லி எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் பிளம்பரைக் கூப்பிட்டேன். அக்காவை அவருக்குத் தெரியாது. அவர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார்.

"தண்ணில ஒண்ணுமில்லமா. சுத்தமா கீது" என்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தவர், சாப்பாட்டு மேசை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். "வாசன இங்கதான் வருது. யாரோ இப்பத்தான் தலைக்குக் குளிச்சிட்டு எண்ண வச்சிக்கினு போன மாதிரி."

நான் அவரிடம் குளோரின் என்றுதான் சொல்லியிருந்தேன். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் குழாயின் வாஷரை மாற்ற வேண்டும் என்றபடி போய்விட்டார். எண்ணெய் என் தலையிலும் இருந்தது என்பதை அவர் போன பிறகு நினைத்துக்கொண்டேன். அது ஓரளவு ஆறுதலாக இருந்தது. ஓரளவுதான்.

நரம்பியல் மருத்துவரான என் கல்லூரித் தோழியிடம் போனேன். ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருந்தபோது, ஒரு கட்டி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது நான்தானா என்று திடுக்கிட்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. தோழி படங்களை விளக்கில் பார்த்துவிட்டு, துக்கம்தான், வேறொன்றுமில்லை என்றாள். மூளை நரம்புகளை அமைதிப்படுத்தும் ஒரு மாத்திரையை எழுதித் தந்தாள். நானே பலருக்கு எழுதித் தந்த மாத்திரைதான். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். என் கணவரிடம் எதையும் சொல்லவில்லை. அக்காவின் மரணத்திலிருந்து அவரே இன்னும் மீளாமல் இருந்தார்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். என் கணவருக்குக் கொரோனா வந்ததிலிருந்து வாசனையே தெரியாது. பால் பொங்கி அடிப்பிடித்தாலும் நான்தான் ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அவருக்குச் செய்து தோற்றிருந்தேன். அன்று அவர் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசனை வந்தது. நான் வழக்கம்போல அசையாமல் இருந்தேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா துண்ட மறுபடி இங்கயே போட்டுட்டாங்க பாரு" என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"தெரியலம்மா. வாசனை வந்தது. அவங்க வாசனை." அவர் எழுந்து நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். காய்ந்த மரம். "எனக்குத்தான் வாசனையே வராதே" என்றார், என்னிடம் புகார் சொல்வதுபோல.

ஓடிப்போய்க் காபித்தூளை எடுத்துவந்து நீட்டினேன். இல்லை என்றார். கிராம்பு, பெருங்காயம், டெட்டால். எதுவும் இல்லை. அன்றைக்குப் பிறகு இன்றுவரை அவருக்கு எந்த வாசனையும் வந்ததில்லை.

இதற்கும் விளக்கம் உண்டு. செத்துப்போன மூக்கு நரம்பு பிழைக்கப் பார்க்கும்போது முதலில் ரசாயன நெடிபோல ஏதாவது தோன்றும், பிறகு அணைந்தும் போகலாம். அவர் வாழ்க்கையில் குளோரின் என்றாலே அக்காதான். பிளம்பருக்கு என் தலை எண்ணெய். எனக்குத் துக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துவைத்தால் ஒன்றிலும் ஓட்டை இல்லை. ஒரு மாணவர் இப்படி எழுதிக்கொண்டுவந்தால் முழு மதிப்பெண் போடுவேன். மூன்றையும் ஒரே ஹாலில், ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்குத் தலை சுற்றுகிறது.

அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையையும் காட்டினேன். இதை விழுங்கி, வாசனை நின்றால் அது என் மூளை, நிற்காவிட்டால் வேறு ஏதோ என்றேன். அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது உன்னத் தொந்தரவு பண்ணுதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?"

"நிறுத்தறதுக்கு இல்லங்க. தெரிஞ்சுக்கறதுக்கு."

"தெரிஞ்சு என்ன செய்யப்போற?" என்றார். அவர் கோபமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. "எனக்கு ஒரு தடவதான் வந்தது. உனக்கு வாரா வாரம் வருது. அத வேணாங்கறியே."

எனக்கும் அந்த மாத்திரையைப் போடப் பிடிக்கவில்லை. நின்றுபோனால் அக்காவை இன்னொரு முறை இழப்பேன். நிற்காமல் போனால், இத்தனை வருடம் நான் நின்றிருந்த தரை இருக்காது. இரண்டில் எதை விரும்புகிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் குதித்துப் பார்க்காமல் கரையில் நின்று நடுங்கினால் அக்காவுக்குப் பிடிக்காது. போட்டுக்கொண்டேன்.

அன்றோடு வாசனை நின்றது. அதுதான் சிக்கல். அந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்களாவது ஆகும். முதல் மாத்திரையிலேயே நின்றதற்கு மருந்தியலில் நியாயமில்லை. விழுங்கிய நம்பிக்கையே நிறுத்தியிருக்கலாம், அதுவும் உண்டுதான். சரி, எதிர்ச்சோதனை செய்வோம் என்று சிறிது காலம் கழித்து மாத்திரையை விட்டேன். வாசனை திரும்பவில்லை. காலை வேளைகளில் ஹாலில் நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் எண்ணெயையே வாங்கித் தேய்த்துக்கொண்டேன், அது என் தலை வாசனையாக மட்டுமே இருந்தது. என் சந்தேகத்தைக் கண்டு அவள் மனம் நொந்து போய்விட்டாளோ என்று ஒருநாள் நினைத்தேன். பிறகு, அப்படி நினைத்ததற்காக என்மீதே எரிச்சல்பட்டேன். என் கணவர் அதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

சென்ற மாதம் தியாகராய நகரிலிருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தார். துணிக்கடையில் கணக்கு பார்ப்பவர். புத்தகம் பைண்டிங் செய்துவந்த தன் தகப்பனார் இறந்ததிலிருந்து, வீட்டில் பசை காய்ச்சும் வாசனை வருகிறது என்றார். "மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் கிண்டுவாங்க டாக்டர், எங்க அத்தா. அதே வாசனை. எங்க வீட்டுக்காரர் பைத்தியம்ங்கறாரு."

மூக்கைச் சோதித்தேன். ஸ்கேன் கட்டாயம் எடுக்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வழக்கமாக என் வாயிலிருந்து சரளமாக வரும் விளக்கம் வரவில்லை. நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அந்த வாசனை வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு டாக்டர். அதச் சொல்லத்தான் பயமா இருந்துச்சு. நீங்க சொல்லுங்க, அது அவங்கதானா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் ஒரு நோயாளியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.