காதில் சொன்ன சொல்

செம்பட்டியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி செல்பேசியில் வந்தது. திண்டுக்கல்லில் இறங்குவதற்குள் அழைப்புக்கு மேல் அழைப்பு. அழுதவர்கள் உண்டு. ஆனால் அழுது முடித்ததும் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: என்ன வியாதி? எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மருத்துவமனையில் நான் செவிலியர். அவர் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். காகிதக் கோப்புகள் கணினிக்குள் போன காலத்தில் வந்து சேர்ந்தார். வந்த அன்றே, எங்கள் அறைக் கணினியில் ஒட்டியிருந்த கடவுச்சொல் சீட்டைக் கிழித்துப் போட்டார். எங்கள் எல்லாருக்கும் அந்த ஒரே கடவுச்சொல்தான். "நாடு பூரா பூட்டு செஞ்சு குடுத்த ஊருல, சாவிய வாசல்லயே தொங்க விட்டிருக்கீங்களே" என்று சிரித்தார். அன்று எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

யார் வந்து 'நான் அவளுக்கு மாமா' என்றாலும் பரிசோதனை முடிவைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் கவுண்ட்டரில் இருந்தது. அதை நிறுத்தினார். நோயாளியின் செல்பேசிக்கு அந்த நேரத்தில் வரும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் பதிவு திறக்கும் என்று ஆனது. நிர்வாகம் மெச்சியது.

அய்யலூர்ப் பக்கத்திலிருந்து வலிப்புக்கு மாத்திரை வாங்க ஒரு பெண் வருவாள். ஊரையும் நோயையும் மாற்றித்தான் எழுதுகிறேன். உள்ளபடி எழுதினால் அக்கா எழுந்து வந்து திட்டுவார். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தாள். ஆனால் நம்பர் கேட்டால் வீட்டு ஆண்களின் எண்ணைச் சொல்வது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. இவளும் எப்போதோ கணவனின் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். அவன் வந்தான், தன் செல்பேசிக்கு வந்த எண்ணைச் சொன்னான், எல்லாவற்றையும் அச்செடுத்து வாங்கிப் போனான். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை வந்தவள் சத்தம் போடவில்லை. "ஏன்க்கா, ஒங்க கம்ப்யூட்டரு எனக்குக் காவலா, எங்க வீட்டுக்காரருக்குக் காவலா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா சமாளிக்கவில்லை. "தப்பு எங்க மேலதாம்மா. நான் சரி பண்றேன்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் காதில் சொல்லும் சொல். பதிவு செய்யும்போது தடுப்புக்குப் பின்னால் நோயாளி தனக்கென்று ஒரு சொல்லைத் தட்டெழுதுவார். எழுதத் தெரியாதவர் செவிலியரின் காதில் சொல்வார். முதலில் ஆளாளுக்கு முருகன் என்றார்கள். சாமி பெயரும் பிள்ளை பெயரும் வேண்டாம், வீட்டில் யாருக்கும் தோன்றாத சொல்லாக இருக்கட்டும் என்று அக்கா ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். வந்த பெண்கள் யோசித்து, வெட்கப்பட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சொல்லைச் சொன்னால் போதும், சீட்டு இல்லாமலே மாத்திரை கைக்கு வரும். உயிர் போகும் அவசரத்தில் மருத்துவர் மட்டும் சொல் இல்லாமல் திறக்கலாம். திறந்தது யாரென்று நோயாளிக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் மேலாளரோடு வந்து நின்றார். மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் எங்களிடம் வைத்தியம் பார்ப்பதாகக் கேள்விப்பட்டாராம். திறந்து காட்டும்படி மேலாளரே சொன்னார். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அது சொன்னாத்தான் தொறக்கும்." வேலை போய்விடும் என்றார் மேலாளர். "போகட்டும் சார். நான் போனாலும் அது தொறக்காது." வந்தவர்கள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அவர் போய்விட்டார். துக்கம் கேட்டு வந்த கையோடு மேலாளர் பேச்சை ஆரம்பிக்கிறார்: இந்தச் சொல்லால் வரிசை நீள்கிறதாம், பழையபடி செல்பேசிக்கு வரும் எண்ணே போதுமாம். முடியாது என்று சொல்லிவிட்டோம். செவிலியர் எல்லாரும் சேர்ந்து நின்றுதான் சொன்னோம். அந்தப் பெண் இன்றும் மாத்திரைக்கு வருகிறாள். அவளை இன்னொரு முறை காட்டிக்கொடுக்க எங்களால் ஆகாது. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

படுக்கையில் விழுந்த பிறகு, தனக்கு மாத்திரை வாங்கி வருவதற்காக அக்கா தன் சொல்லை என் காதில் சொன்னார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். அடக்கத்தன்று அவருடைய அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "ஒனக்குத் தெரியுமாமே. எங்கிட்டயாவது சொல்லும்மா, என்ன வியாதி?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

இதைப் படிக்கும் நீங்களும் கேட்காதீர்கள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அது என்னோடு இருக்கும், என்னோடு போகும்.