ராசாமணியக்காவின் கோடு

புற்றுநோய் எப்போது திரும்பி வரும் என்று கணக்குப் போடுவதுதான் என் உத்தியோகம். சோசியக்காரனுக்காவது வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள். எனக்கு அதுவும் கிடையாது. எண்களோடு மாரடிக்கும் சக பாவிகளே, தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில், பதுளைப் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் பட்டதைக் கேளுங்கள்.

புல்லும் மருந்தும்

மருந்து கொடுத்தால் கட்டியில் பெரும்பாலான செல்கள் செத்துவிடும். மருந்துக்கு அசையாத ஒன்றிரண்டு தப்பிப் பெருகும். அவை எத்தனை மாதத்தில் மறுபடி கட்டியாகும் என்று கம்ப்யூட்டரில் ஒரு வளைகோடு வரைவேன். ஹல்துமுல்லையிலிருந்து மனைவியைக் கூட்டி வந்த ஒரு தேயிலைத் தோட்டக் கங்காணிக்கு ஒருநாள் இதைப் பெருமையாக விளக்கினேன். மனுசன் சிரித்துவிட்டார்.

"இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு? தேயிலைக்குள்ள புல்லுக்கு மருந்தடிச்சா அதேதான். சாகாத புல்லுதான் மறு வருசம் மல முழுக்க நிக்கும்."

வராதவர்கள்

கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியவர்களை எல்லாம் 'சுகம்' என்று போட்டு வைத்தேன். கோடு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, உம்மட கணக்கில வராத சனமெல்லாம் சுகமாய் இருக்குதுகள். ஒருக்கா லுணுகலைக்குப் போய்ப் பாரும்" என்று அனுப்பினார்.

போனேன். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயங்களில் முதலாவதில், என் பட்டியலின் முதல் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். ஒரு பெண் தேயிலை மலையின் ஓரத்துக்குக் கையை நீட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு இப்ப நோவு நொடி இல்லாமத்தான் இருக்காரு. அந்தா, அந்தச் சவுக்கு மரத்தடியில."

நிச்சயம்

அதன்பின் வராதவர்களைத் தேடிப் போகப் பழகினேன். கொஸ்லந்தையில் கொழுந்தெடுக்கும் ராசாமணியக்கா மாதம் தவறாமல் வருவார். அதனால் அவர் லயத்தை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. மார்பில் புற்று. தினம் ஒரு மாத்திரை. சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்டால், "ஆமாங்க, ஒருநாள் கூட விடல" என்பார். ஆனால் நான் சொன்ன மாதத்துக்கு வெகு முன்பே கட்டி திரும்பியது. மருந்துக்கு அசையாத செல்களைக் கணக்கில் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கோடு அவருடைய கட்டி அளவுப் புள்ளிகளில் அச்சொட்டாக உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

"மருந்து கேளாத வகைதான் எண்டு நிச்சயமோ?" என்று டொக்டர் கேட்டார். "நிச்சயம் ஐயா" என்றேன். அந்தச் சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்தி, கடுமையான ஊசிக்கு மாற்றினார். அக்கா போகாமல் நின்றார். ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப இனிமே மாத்திரையே தர மாட்டீங்களாங்க?"

பாதி

மூன்றாம் ஊசியோடு காய்ச்சல் கண்டு அக்கா போய்விட்டார். துக்கம் கேட்கக் கொஸ்லந்தைக்குப் போனேன். அதே லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருந்த அவருடைய நாத்தனார் பாக்கியம்தான் தேத்தண்ணி கொடுத்து, விசயத்தைச் சொன்னார். பாக்கியத்துக்கும் மார்பில் கட்டி. அறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கிளினிக் பக்கமே வரவில்லை. லயத்தில் ஒரு வீட்டுக் குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்காது. மாத்திரையும் அப்படித்தான் போயிருக்கிறது. தினமும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகுமுன், ராசாமணியக்கா மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டி, பாதியைத் தான் விழுங்கி, பாதியை இவர் கையில் கொடுத்திருக்கிறார்.

அடப்பாவி, பாதி மருந்துக்கு அல்லவா அந்தக் கட்டி அடங்காமல் போனது! அதை மருந்துக்கு அசையாத செல் என்று அடித்துச் சொன்னவன் நான். அந்த லயத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் முதல் பஸ்ஸில் பாக்கியத்தைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தேன். சோதனையெல்லாம் முடிந்து டொக்டர் மாத்திரை கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"முழுசையும் நான் ஒருத்தியே முழுங்கணுமாங்க?"

இப்போதும் கோடு வரைகிறேன். ஆனால் புற்று மருந்துக்கு அசையவில்லை என்று எழுதுமுன், மருந்து எத்தனை வாய்க்குப் போனது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.